95 கோல்களும் ஒரு தங்கப் பதக்கமும்

கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் 2024 ஜூன் 6 அன்று குவைத்துடன் நடந்த ஆட்டம் கோல் ஏதுமின்றி முடிந்தது. சுனில் சேத்ரி அன்றோடு இந்திய அணியிலிருந்து விடைபெற்றார். 19 ஆண்டுகள், 151 ஆட்டங்கள், 94 கோல்கள். நாட்டு அணிக்காக அடித்த கோல்களை வைத்து உலக ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்தினால், அன்றைக்கு அவருக்கு மேலே மூன்றே பேர்தான் இருந்தார்கள்: ரொனால்டோ, ஈரானின் அலி தாயி, மெஸ்ஸி. அதையொட்டி இந்தியக் கால்பந்து ரசிகர்களிடையே ஒரு பழைய வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்தது. இந்தியா கண்ட ஆகச்சிறந்த ஆட்டக்காரர் யார்? 94 என்ற எண்ணுக்குப் பிறகு பேச என்ன இருக்கிறது என்றது இளைய தரப்பு. 1962-இல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வென்ற அணியின் முன்வரிசையை, சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, துளசிதாஸ் பலராம் என்ற மூவரை, அறியாதவர்களின் பேச்சு இது என்றது மூத்த தரப்பு. மாலத்தீவுக்கும் நேபாளத்துக்கும் எதிராக அடித்த கோல்களை ஹங்கேரிக்கு எதிராக அடித்த கோலோடு சேர்த்து எண்ணலாமா என்பது அவர்கள் கேள்வி. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டுமே அந்த நியாயத்திலிருந்து தவறான முடிவுக்குப் போகின்றன. பழைய அணி இன்றைய அணியைவிட மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்காக, அப்படிப்பட்டவர்கள் பிறகு இந்த நாட்டில் பிறக்கவில்லை என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. பிறந்தார்கள். அவர்கள் நின்று ஆடுவதற்கான இடத்தைத்தான் இந்தியக் கால்பந்து கைவிட்டது.

முதலில் பழையவர்களின் பக்கத்தைப் பார்ப்போம். அவர்கள் ஆடியதைக் காட்டும் படச்சுருள் மிகக் குறைவு. எத்தனை ஆட்டங்கள், எத்தனை கோல்கள் என்ற கணக்குகூடப் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. நினைவுகளை மட்டும் நம்பினால் எல்லாரும் மாமேதைகளாகிவிடுவார்கள். ஆகவே யாரோடு மோதினார்கள், முடிவு என்ன என்ற இரண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது நல்லது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் இந்தியா 1–10 என்று தோற்றது. பலர் வெறுங்காலோடு ஆடிய அணி அது. நான்கே ஆண்டுகள் கழித்து மெல்போர்னில், ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4–2 என்று வீழ்த்தியது. நெவில் டிசூசா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் அவர்தான். அரையிறுதியில் எதிரே வந்தது மீண்டும் யுகோஸ்லாவியா. இந்தியா 1–4 என்று தோற்றது, ஆனால் முதல் கோலை அடித்தது இந்தியாதான். நான்காம் இடத்தோடு திரும்பியது அந்த அணி. 1960 ரோமில் ஹங்கேரி, பிரான்ஸ், பெரு ஆகிய மூன்றும் இருந்த பிரிவு இந்தியாவுக்கு வாய்த்தது. ஹங்கேரியிடம் 1–2, இந்தியாவின் ஒரே கோல் பலராமுடையது. அந்த ஹங்கேரி அணியில் ஆடிய ஃப்ளோரியான் ஆல்பர்ட் 1967-இல் பலோன் தோர் வென்றவர். பிரான்ஸுக்கு எதிராக அணித்தலைவர் பி.கே. கோல் அடித்து முன்னிலை தந்தார். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில்தான் பிரான்ஸ் சமன் செய்தது. பெருவிடம் தோல்வி. பிரிவில் கடைசி இடம்தான். ஆனாலும் அந்த மூன்று ஆட்டங்களைப் போன்ற மூன்று ஆட்டங்களை இந்திய அணி அதற்குப் பிறகு ஆடவே இல்லை.

இதற்கு வழக்கமாக எழும் மறுப்பு, ஒலிம்பிக் கால்பந்து அன்றைக்கு அமெச்சூர்களுக்கானது என்பது. மேற்கு ஐரோப்பிய அணிகளைப் பொறுத்தவரை இது சரி. ரோமுக்கு வந்த பிரான்ஸ், இரண்டு ஆண்டுகளுக்கு முன் உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த கோப்பா, ஃபோன்தேன் கூட்டணியின் பிரான்ஸ் அல்ல. ஆனால் கிழக்கு ஐரோப்பாவில் தொழில்முறை ஆட்டக்காரர் என்ற வகையே சட்டப்படி கிடையாது. ஆகவே அந்த நாடுகள் தம் லீக்கின் முதல்தர வீரர்களை ஒலிம்பிக்குக்கு அனுப்பின. மெல்போர்னில் இந்தியாவை வென்ற யுகோஸ்லாவியா வெள்ளிப் பதக்கமும், ரோமில் வென்ற ஹங்கேரி வெண்கலமும் பெற்றன. இன்னொரு மறுப்பு ஜகார்த்தாவைப் பற்றியது. 1954, 1958 இரண்டிலும் தங்கம் வென்றிருந்த தைவானுக்கும், இஸ்ரேலுக்கும் 1962 ஆசிய விளையாட்டில் அரசியல் காரணத்தால் இடம் மறுக்கப்பட்டது. கால்பந்தில் ஆடியவை எட்டே அணிகள். இதை மறைத்துவிட்டுத் தங்கத்தைக் கொண்டாடுவது நேர்மையல்ல. ஆனால் இறுதி ஆட்டத்தில் எதிரே நின்ற தென்கொரியா, அதுவரை நடந்த இரண்டு ஆசியக் கோப்பைகளையும் வென்ற அணி. பிரிவு ஆட்டத்தில் இந்தியாவை 2–0 என்று தோற்கடித்தும் இருந்தது. இந்தியா 2–0 என்று வென்ற ஜப்பான், ஜெர்மானியரான டெட்மார் கிராமரின் பயிற்சியில் உருவாகிக்கொண்டிருந்த அணி. ஆறு ஆண்டுகளில் மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது. இஸ்ரேல், தைவான் விலக்கலை எதிர்த்து இந்திய அதிகாரி ஒருவர் பேசியிருந்ததால் செனாயன் மைதானத்தில் கூடியிருந்த பெருங்கூட்டம் இந்தியர்களுக்கு எதிராகக் கூச்சலிட்டது. அந்தச் சூழலில் பி.கே.யும் ஜர்னைல் சிங்கும் இருபது நிமிடங்களுக்குள் ஆளுக்கொரு கோல் அடித்துக் கொரியாவை 2–1 என்று வென்றார்கள். எட்டு அணிகள்தானே என்று இந்த வெற்றியைக் கழித்துவிட முடியாது.

முன்வரிசை மூவரில் சுனி ரசிகர்களின் செல்லம். பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டே ஆளைத் தாண்டிப் போவார். அதைப் பார்க்கவே கூட்டம் வந்தது. மோகன் பகானைத் தவிர வேறு கிளப்புக்கு அவர் ஆடவில்லை. வங்காளத்துக்காக ரஞ்சி கிரிக்கெட்டும் ஆடி, 1971–72-இல் அணித்தலைவராக இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனார். பி.கே. வலது ஓரத்தில் வேகமும் உதையில் வலுவும் கொண்டவர். கொல்கத்தாவின் பெரிய கிளப்புகள் எதிலும் சேராமல் ஈஸ்டர்ன் ரயில்வேக்கு ஆடி, 1958-இல் கல்கத்தா லீக்கை அந்த அணி வெல்லக் காரணமாக இருந்தார். இவர்கள் இருவரைவிடவும் பலராமை நான் மேலே வைப்பேன். செகந்தராபாத்தின் அம்முகுடாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். இடது ஓரம், உள்பக்கம், நடு என்று முன்வரிசையின் எந்த இடத்திலும் ஆடக்கூடியவர். பந்து வராதபோது பின்னால் இறங்கி வந்து அதை வாங்கி, மற்ற இருவருக்கும் வழி அமைத்துக் கொடுத்தவர். சுனியின் டிரிபிளிங்குக்கும் பி.கே.யின் ஓட்டத்துக்கும் வெளி கிடைத்ததில் பாதிப் பங்கு அவருடையது. ஹங்கேரிக்கு எதிராகவும் ஜப்பானுக்கு எதிராகவும், அதாவது எதிராளி வலுவாக இருந்த இடங்களில், கோல் அடித்தவரும் அவர். ஆனால் நுரையீரல் நோய் அவரை இருபதுகளிலேயே களத்திலிருந்து வெளியேற்றிவிட்டது. சுனியும் 27 வயதுக்குள் சர்வதேச ஆட்டத்தை முடித்துக்கொண்டார். இந்திய அணி அன்று ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணும் ஆட்டங்களே ஆடியது. மூவரில் எவருடைய கணக்கும் சேத்ரியின் 151 ஆட்டங்களுக்கு அருகில் வராது. அவர்களுடைய கோல் எண்ணிக்கை சிறியதாக இருப்பதற்கு இதுவே முதல் காரணம். அதை வைத்து அவர்களைச் சேத்ரிக்குக் கீழே வைப்பது பிழை.

சரி, இப்படி மூன்று பேர் ஒரே காலத்தில் எப்படி அமைந்தார்கள்? தற்செயல் என்றும் பொற்காலம் என்றும் சொல்லிவிட்டுப் போவது எளிது. விடை சையத் அப்துல் ரஹீம் என்ற ஹைதராபாத் பள்ளி ஆசிரியரிடம் இருக்கிறது. 1950 முதல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியைப் பயிற்றுவித்தவர். அந்த அணி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. டிரிபிள் செய்யக் கூடாது, வலுவில்லாத காலால்தான் உதைக்க வேண்டும் என்றெல்லாம் விதிவைத்து இளைஞர்களுக்குப் போட்டிகள் நடத்தினார். கால் மட்டும் பழகினால் போதாது, எங்கே நிற்பது, எப்போது பந்தை விடுவது என்பதும் பழக வேண்டும் என்பது அவர் எண்ணம். 1956 ஒலிம்பிக் அணியில் ஹைதராபாத்தைச் சேர்ந்தவர்கள் எட்டுப் பேர் என்பதே அந்தப் பயிற்சியின் வீச்சைக் காட்டும். ஜகார்த்தாவில் அவர் எடுத்த முடிவு ஒன்றே போதும். தாய்லாந்துடனான ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்த ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்கை வெளியே உட்கார வைக்காமல் சென்டர் ஃபார்வர்டாக மாற்றினார். ஜர்னைல் அரையிறுதியிலும் இறுதியிலும் கோல் அடித்தார். பின்னால் அவர் இடத்தை அருண் கோஷ் தாங்கிக்கொண்டார். கோலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். அவர் வளர்ந்தது ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணியில். 1955-இலும் 1958-இலும் அந்த அணி டியூராண்ட் கோப்பையை வென்றிருந்தது. ரயில்வே, போலீஸ், ராணுவம், கொல்கத்தா கிளப்புகள் என்று நாலா பக்கமும் ஆட்டக்காரர்கள் உருவாக இடம் இருந்தது. அவர்களை ஒன்றாக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தார். ரஹீம் 1963 ஜூனில் புற்றுநோயால் இறந்தார். இஸ்ரேலில் நடந்த 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம், 1970 ஆசிய விளையாட்டில் வெண்கலம் என்று அவர் விட்டுச்சென்றது கொஞ்ச காலம் ஓடியது. பிறகு நின்றது.

அடுத்து வந்த தலைமுறைகளை மூத்த ரசிகர்கள் பெரும்பாலும் ஒரே பேச்சில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது அந்தப் பகுதிதான். இந்தியா 1984-க்குப் பிறகு 2011 வரை ஆசியக் கோப்பையின் இறுதிச் சுற்றில் ஆடவில்லை. 27 ஆண்டுகள். ஐ.எம். விஜயனின் முழு வாழ்க்கையும் அந்தப் பள்ளத்துக்குள் விழுந்துவிட்டது. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன். கேரள போலீஸ் அணியில் சேர்ந்து 1990-இல் ஃபெடரேஷன் கோப்பையை வென்றவர். 1993, 1997, 1999 என்று மூன்று முறை நாட்டின் சிறந்த வீரரானவர். நெஞ்சால் பந்தை இறக்கித் தரையைத் தொடுமுன் திருப்பி உதைக்கும் அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்கள், பந்தோடு அவருக்கு இருந்த உறவு வேறு எந்த இந்தியருக்கும் இல்லை என்பார்கள்; கிடைக்கும் சில பதிவுகளைப் பார்க்கும்போது எனக்கும் அப்படியே தோன்றுகிறது. 1999 தெற்காசிய விளையாட்டில் பூடானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 12-ஆவது விநாடியில் கோல் அடித்தார். அதை நினைவுகூரும்போதெல்லாம் எதிராளி பூடான் என்பதும் கூடவே வருகிறது. அது விஜயனின் குற்றமா? அவருக்கு ஹங்கேரியையும் யுகோஸ்லாவியாவையும் யாரும் கொண்டுவந்து நிறுத்தவில்லை. 2003-இல் ஹைதராபாத்தில் நடந்த ஆப்பிரிக்க–ஆசிய விளையாட்டில், 34 வயதில், சர்வதேச ஓய்வுக்கு முன் ஆடிய கடைசிப் போட்டியில் அதிக கோல் அடித்தவர் அவர்தான். பாய்ச்சுங் பூட்டியாவின் கதையும் ஏறக்குறைய அதேதான். 1997 ஜூலையில் சால்ட் லேக்கில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டத்தின் முன் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்கு ஹாட்ரிக் அடித்தவர், இங்கிலாந்தின் பரி கிளப்புக்கும் போய் ஆடினார். ஆசியக் கோப்பையில் இந்தியா மறுபடி ஆடியபோது அவருக்கு வயது 34, உடம்பில் காயம். கடைசி ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராகச் சில நிமிடங்கள் மட்டும் இறங்கினார்.

இப்போது சேத்ரிக்கு வருவோம். அவருடைய கோல்களில் பெரும்பகுதி தெற்காசியாவின் சிறிய அணிகளுக்கு எதிரானது என்பது உண்மை. ரொனால்டோவும் மெஸ்ஸியும் சிறிய அணிகளுக்கு எதிராக அடித்திருக்கிறார்களே என்ற பதில் போதாது; பெரிய அணிகளுக்கு எதிராகவும் அவர்கள் அடித்திருக்கிறார்கள். சேத்ரியையும் எதிராளியை வைத்தே அளப்போம். 2008-இல் டெல்லியில் தஜிகிஸ்தானுக்கு எதிரான சேலஞ்ச் கோப்பை இறுதியில் அவர் ஹாட்ரிக் அடித்தார். இந்தியா ஆசியக் கோப்பைக்குத் திரும்பியது அந்த ஆட்டத்தால்தான். 2011-இல் கத்தாரில் இந்தியா மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. அடித்த மூன்று கோல்களில் இரண்டு, பஹ்ரைனுக்கும் தென்கொரியாவுக்கும் எதிரானவை, அவருடையவை. 2019-இல் அபுதாபியில் தாய்லாந்தை 4–1 என்று வென்றதில் இரண்டு கோல். ஆசியக் கோப்பையில் இந்தியா 55 ஆண்டுகள் கழித்துப் பெற்ற வெற்றி அது. ரோமில் நடந்ததோடு இதை வைத்துப் பார்த்தால் தராசு பழையவர்கள் பக்கமே சாய்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆசியக் கோப்பையின் இறுதிச் சுற்றில் அவருக்குக் கிடைத்தவை ஒன்பது ஆட்டங்கள் மட்டுமே. அந்த ஒன்பதில் நான்கு கோல். சுனிக்குப் பக்கத்தில் பி.கே.யும் பலராமும் இருந்தார்கள். எதிரணி ஒருவரை மறித்தால் மற்றவர் வழி திறப்பார். சேத்ரியின் பிற்பாதி ஆட்டங்களில் எதிரணிக்கு மறிக்க வேண்டியவர் ஒருவர்தான், அது யார் என்று உலகுக்கே தெரியும். ஐந்தடி ஏழங்குல உயரம் கொண்ட ஒருவர், உயரமான தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே எப்போது குதிப்பது என்பதை மட்டும் அறிந்து இத்தனை தலைக் கோல்கள் அடித்தது கற்றுச் சேர்த்த அறிவு. அதை வெறும் விடாமுயற்சி என்று பாராட்டுவது அவரைக் குறைப்பதாகும்.

உண்மையான மேதையை யாராலும் தடுக்க முடியாது, எப்படியும் மேலே வந்துவிடுவான் என்று ஒரு நம்பிக்கை ரசிகர்களிடம் உண்டு. இந்தியக் கால்பந்தின் வரலாறு இதை ஆதரிக்கவில்லை. 2009-இல் லண்டனின் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப் சேத்ரியை ஒப்பந்தம் செய்தது. இந்தியா ஃபிஃபா தரவரிசையில் முதல் 70 நாடுகளுக்குள் இல்லை என்பதால் பிரிட்டன் அவருக்கு வேலை அனுமதி தர மறுத்தது. தன் திறமைக்காக அல்லாமல் தன் நாட்டு அணியின் இடத்துக்காக ஒருவர் நிராகரிக்கப்பட்டார். 25 வயதில் வாரம் தவறாமல் இங்கிலாந்தின் இரண்டாம் அடுக்கு லீக்கில் மோதியிருந்தால் அவர் என்னவாகியிருப்பார் என்று கணிக்க முடியாது. ஆனால் அந்த வாய்ப்பு இல்லாத ஒருவரை, ஹங்கேரியோடு மோதும் வாய்ப்பு இருந்தவரோடு திறமையில் ஒப்பிடும்போது இதை ஒதுக்கிவிடக் கூடாது. அவருக்குப் பிறகு வந்தவர்களின் நிலை இதைவிட மோசம். 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கியபோது ஓர் அணியில் களத்தில் ஆறு வெளிநாட்டவர்வரை ஆடலாம். அது 2017-இல் ஐந்தாகி, 2021-இல் நான்காகியது. அந்த வெளிநாட்டவர்களில் ஒருவரை எந்தப் பயிற்சியாளரும் முதலில் நிறுத்துவது கோலுக்கு முன்னால்தான். தொடங்கிய நாள் முதல் 2024–25 வரை அந்த லீக்கின் அதிக கோலுக்கான விருதை ஓர் இந்தியர்கூட வென்றதில்லை. உள்நாட்டு ஸ்ட்ரைக்கர்களை ஓரத்துக்குத் தள்ளுவார்கள், அல்லது பெஞ்சில் உட்கார வைப்பார்கள். தன் கிளப்பில் ஒன்பதாம் எண்ணாக, அதாவது சென்டர் ஃபார்வர்டாக, ஆடாதவர், நாட்டு அணியில் திடீரென்று ஒன்பதாம் எண்ணாக மாறிவிட முடியாது.

விளைவு கண்முன் இருக்கிறது. 2024-இல் இந்தியா ஆடிய 11 ஆட்டங்களில் ஒன்றிலும் வெல்லவில்லை. அடித்தது நான்கு கோல். அதில் ஒன்று சேத்ரியின் பெனால்டி, இன்னொன்று தடுப்பாட்டக்காரர் ராகுல் பேக்கேயுடையது. அடுத்த மார்ச்சில், 40 வயதில், சேத்ரியைத் திரும்ப அழைத்தார்கள். மாலத்தீவை வென்ற ஆட்டத்தில் அவர் தன் 95-ஆவது கோலை அடித்தார். அந்தப் பருவத்தின் ஐ.எஸ்.எல்.லில் 14 கோல்களோடு இந்தியர்களில் முதலிடமும் அவருக்குத்தான். பலர் இதைச் சேத்ரியின் பெருமையாகக் கொண்டாடினார்கள். பெருமைதான், சந்தேகமில்லை. ஆனால் நூற்று நாற்பது கோடிப் பேர் வாழும் நாட்டின் லீக்கில் அதிக கோல் அடித்த உள்நாட்டுக்காரருக்கு வயது 40 என்றால், அந்த லீக் பத்தாண்டுகளாக யாரை வளர்த்தது என்று கேட்க வேண்டும். 2025 அக்டோபரில் சிங்கப்பூரிடம் சொந்த மண்ணில் 1–2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பையும் இந்தியா இழந்தது. அடுத்த தலைமுறைக்கும் அதே பள்ளம் காத்திருக்கிறது.

இளைய ரசிகர்கள் விடாமல் சொல்லும் ஒன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். இன்றைய ஆட்டத்தின் வேகமும் உடல்திறனும் 1962-இன் ஆட்டக்காரர்களுக்கு இல்லை. அந்த அணியை இன்றைய களத்தில் இறக்கினால் அரை மணி நேரம் தாங்காது என்கிறார்கள். இருக்கலாம். உள்நாட்டில் 90 நிமிடத்துக்கும் குறைவாக ஆடிப் பழகி, ரயிலில் மூன்றாம் வகுப்பில் பயணித்து, உணவியலாளரோ இயன்முறை மருத்துவரோ இன்றி ஆடியவர்கள் அவர்கள். ஆனால் இது எல்லா நாட்டுக்கும் பொருந்தும். பெலேயின் 1958 பிரேசிலும் இன்றைய களத்தில் மூச்சிரைக்கும். அதற்காகப் பெலேயை யாரும் கீழே இறக்குவதில்லை. ஒருவரைத் தன் காலத்து எதிராளிகளோடு மட்டுமே நியாயமாக ஒப்பிட முடியும். தன் காலத்து ஆசியாவில் பலராமின் அணி முதலிடத்துக்குப் போட்டியிட்டது. தன் காலத்து ஆசியாவில் சேத்ரியின் அணி அந்தப் போட்டிக்கு அருகில்கூட வந்ததில்லை. இடைப்பட்ட காலத்தில் ஜப்பானும் கொரியாவும் முன்னேறியதும் இதற்கு ஒரு காரணம். 1993-இல் ஜப்பான் ஜே லீக்கைத் தொடங்கியபோது சிறுவர் அணிகள் நடத்துவதைக் கிளப்புகளின் கடமையாக்கியது. நாம் ரஹீம் இறந்த பிறகு ரஹீமைப் போல ஒருவரைத் தேடினோம். ரஹீம் செய்துகொண்டிருந்த வேலையைத் தேடவில்லை.

சேத்ரி பிறந்ததும் செகந்தராபாத்தில்தான் என்பதை இந்த வாதத்தில் யாரும் நினைவுபடுத்துவதில்லை. அப்பா ராணுவத்தில் இருந்ததால் ஊர் ஊராக மாறி, டெல்லியில் ஆட்டம் பழகி, கொல்கத்தாவுக்குப் போனார். பலராம் வளர்ந்தபோது அந்த ஊரைச் சுற்றி நாட்டின் மிகச்சிறந்த கால்பந்து உருவாகத் தொடங்கியிருந்தது. சேத்ரி பிறந்த 1984-இல் அது பழங்கதையாகிவிட்டது. 2021–22-இல் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற ஹைதராபாத் எஃப்.சி. மூன்று ஆண்டுகள் கழித்துக் கைமாறி, ஊரை விட்டு டெல்லிக்குப் போய்ப் பெயரும் மாற்றிக்கொண்டது. 1956-இல் எட்டு ஒலிம்பிக் வீரர்களை அனுப்பிய நகரத்துக்கு நாட்டின் முதல் அடுக்கு லீக்கில் தனக்கென்று ஓர் அணி இல்லாமல் போனது. பி.கே.க்கும் சுனிக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பலராம் 2023 பிப்ரவரியில் இறக்கும்வரை அவருக்குக் கிடைக்கவில்லை. நாடே மறந்துபோன ஒருவரை இன்றைய இளைஞர் அறிந்திருக்கவில்லை என்று குறைசொல்ல மூத்த ரசிகர்களுக்கு உரிமை இல்லை.

என் வரிசையைக் கேட்டால் சொல்லிவிடுகிறேன். வலுவான எதிராளிக்கு முன் காட்டிய ஆட்டத்தை வைத்து முதலிடம் பலராமுக்கு, அடுத்து பி.கே., சுனி. ஒரு முழு வாழ்க்கையாக எடுத்துக்கொண்டால் சேத்ரிக்கு நிகராக இந்தியாவில் ஒருவரும் இல்லை: எடுத்துக்கொடுப்பவர்கள் குறைந்துகொண்டே போன ஓர் அணிக்காக 2005-இல் குவெட்டாவில் அடித்த முதல் கோலில் தொடங்கி இருபது ஆண்டுகள் அடித்துக்கொண்டே இருந்தவர். இந்த இரண்டு மதிப்பீடுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. விஜயனை மட்டும் எங்கேயும் வைக்க முடியவில்லை. அவரை அளக்கத் தேவையான ஆட்டங்கள் ஆடப்படவே இல்லை.